கண்ணாடிக்கும் பூசிய மெழுகு

எங்கள் ஊரான அம்பிட்டியவின் மழைக்கும் வெயிலுக்கும் காரின் பெயின்ட் வருடம் முழுவதும் தாங்க வேண்டுமே என்று, என் கணவர் கடை கடையாய் விசாரித்து, அதன் மேல் பூச நீண்ட நாள் நிற்கும் மெழுகாகப் பார்த்து வாங்கினார். கையில் டின் கிடைத்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. தண்ணீர் ஒட்டாதாம் என்று முன் கண்ணாடிக்கும் பூசிவிட்டார்.

புசல்லாவையிலிருந்து திரும்பும்போது மழை பிடித்தது. வைப்பர் ஓட ஓட மெழுகு இழுபட்டுக் கண்ணாடி வெள்ளையாய் மங்கியது. எதிரே பஸ்ஸின் ஹார்ன் மட்டும் கேட்டது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்து, "இடது பக்கம் ஒதுக்குங்க, நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். பஸ் உரசாமல் கடந்து போனது.

"மழையில ரோடு நல்லாத் தெரியும்னுதானே பூசினேன்" என்றார் அவர். எனக்குத் திட்ட மனம் வரவில்லை.

மெழுகின் மேல் குறையில்லை. பெயின்ட் இன்னும் மின்னுகிறது. ஆனால் இப்போதெல்லாம் அவர் டின்னைத் திறக்குமுன், முன் கண்ணாடியை என் பழைய சேலையால் போர்த்திவிடுகிறேன்.