ஃப்ரீசருக்குப் போட்ட மாலை

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து, திங்கட்கிழமை காலை ஒரகடத்து லேபைத் திறந்தபோது தரையெல்லாம் தண்ணீர். மைனஸ் எண்பது டிகிரியில் ஓட வேண்டிய ஃப்ரீசர் ஓடவில்லை. கதவில் சந்தனம், குங்குமம், வாடிப்போன சாமந்தி மாலை. அலாரம் உட்பட எல்லா சுவிட்சும் அணைந்திருந்தன.

உள்ளே இருந்தவை, இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களிடம் ஐந்து வருஷமாகச் சேகரித்த சாம்பிள்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் வைரஸின் டிஎன்ஏ அவற்றில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பாதுகாத்து வந்தோம். ஒரு டியூபை எடுத்து ஆட்டினேன். தண்ணீராக ஆடியது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "எந்த அறிவுகெட்டது பண்ண வேலை இது?" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் நினைவு வந்துவிட்டது.

நான்தான். விடுமுறைக்கு முந்தின மதியம், ஊருக்கு ரயில் பிடிக்கும் அவசரத்தில், சிங்கப்பெருமாள் கோவில் போகும் ஷேர் ஆட்டோவில் இருந்து ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எல்லா மெஷினையும் தொடச்சு, ஆஃப் பண்ணிட்டு, பொட்டு வச்சிருங்கக்கா."

ஃப்ரீசரைத் தவிர என்று சொல்லவில்லை. அக்கா எங்களிடம் சேர்ந்து ஆறு மாதம்தான். அதற்கு முன் பத்து வருஷம் கம்பெனி லைனில் நின்றவர். பூஜையன்று எந்த மெஷினும் ஓடி அவர் பார்த்ததில்லை.

லைனில் இருந்தபோது அக்கா கொடுத்த சாம்பிளும் அந்த ஃப்ரீசரில்தான் இருந்தது. போன மாதம் புதிதாக எடுத்ததில் வைரஸ் தெரிந்தது. பெரும்பாலும் அது தானாகவே போய்விடும், பழையதிலும் அதே வைரஸ் இருந்தால் போகாமல் தங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே சிகிச்சை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழையதைப் பரிசோதிக்க வேண்டியது அந்த வாரம். இனி ஒரு வருஷம் காத்திருந்து மறுபடி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு வருஷத்தில் உடம்புக்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

வெப்பம் ஏறிய சாம்பிளின் ரிசல்ட் செல்லாது, எல்லாவற்றையும் அப்புறப்படுத்து என்றார் மேனேஜர்.

"ஒண்ணே ஒண்ண மட்டும் ஓட்டிப் பாக்குறேன் சார்." கும்பிட்டுக் கேட்டேன். முடியாது என்றார்.

"யாரு ஆஃப் பண்ணது?"

"நான்தான் சார்" என்றார், வாளியோடு வந்து நின்ற அக்கா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஊர்ச் சண்டைக்கெல்லாம் நீளும் என் வாய் அன்று திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன்.

மேனேஜர் போன பிறகு, தண்ணீரைத் துடைத்துக்கொண்டே அக்கா கேட்டார்.

"என்னுதும் போச்சாம்மா? மத்த மெஷினுக்கெல்லாம் பொட்டுதான் வெச்சேன். நல்ல ரிசல்ட் வரணும்னு வேண்டிக்கினு, இதுக்கு மட்டும் மாலை வாங்கியாந்து போட்டேன்."