கேட்காமல் கொடுத்த நம்பர்கள்

அந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்போது நான் கல்வி அலுவலர். ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள பல பள்ளிகள் என் பொறுப்பில் இருந்தன. ஒரு கம்பெனி பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்குப் பயிற்சி ஆப் இலவசமாகத் தருவதாக வந்தது. பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோரின் போன் நம்பர் எல்லாவற்றையும் எக்செல் ஷீட்டில் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லி எல்லா எச்.எம்.களுக்கும் எழுதினேன்.

கிளார்க் முருகேசன் மட்டும் கேட்டார். "நம்பரெல்லாம் அவியளுக்கு எதுக்கு மேடம்?"

"லாகினுக்கு ஓடிபி போகணும்ல" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, தளவாய்புரம் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து எச்.எம். பேசினார். நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒருத்தி பத்து நாளாக வரவில்லை, வீட்டில் காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றார். அவரோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன்.

அம்மா நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டார்.

"பள்ளிக்கூடத்துல இருந்து பேசுதோம்னு நாலு வாட்டி போன் வந்துச்சு மேடம். உங்க மக கணக்குல நூத்துக்குப் பதினொண்ணு, தனி கோர்ஸ்ல சேக்கலைன்னா பெயில்தான்னு சொன்னாவ. அம்புட்டு ரூவா கட்ட எங்களால ஏலாது. படிப்பு ஏறாத பிள்ளைய எதுக்கு அனுப்பணும்? மில்லுல சேத்துவிடலாம்னு இருக்கோம்."

எச்.எம். காலாண்டு மார்க்கை எடுத்துக் காட்டினார். கணக்கில் எண்பத்தாறு.

"பொறவு பதினொண்ணு எப்படிட்டி வந்துச்சு?" என்று அம்மா மகளிடம் கேட்டார்.

"அப்பா போன்லதான அந்த ஆப் டெஸ்ட் எழுதினேன். பாதியில லோடு இருக்குன்னு போனை வாங்கிட்டுப் போயிட்டாவ. எழுதாததெல்லாம் தப்புன்னு அதுவே போட்டுட்டு. நான் சொன்னேன். பள்ளிக்கூடத்துல பொய்யா சொல்லுவாவன்னு கேட்டிய."

நான் அந்த அப்பாவிடம் சொன்னேன். "பேசினது பள்ளிக்கூடம் இல்லங்க, ஆப் விக்கிற கம்பெனி. உங்க நம்பரை உங்களைக் கேக்காம அவங்களுக்குக் குடுத்தது நான். தப்பு என்னோடது."

அவர் மெதுவாகச் சொன்னார்: "ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வீட்டுக்கு ஒரே போன், அதுவும் எங்கூட வண்டியில போயிரும்னு சொல்லிருப்பேன்ல மேடம்."

மறுநாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்தாள். நான் எச்.எம்.கள் கூட்டத்தைக் கூட்டி நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஆப்பை நிறுத்தினோம். டேட்டாவை அழித்துவிட்டதாகக் கம்பெனி கடிதம் கொடுத்தது. அதன் பிறகும் பல வாரம் பெற்றோருக்குப் போன் போய்க்கொண்டுதான் இருந்தது. வெளியே போன நம்பரைத் திரும்ப வாங்க எனக்கு வழி தெரியவில்லை. அதிலிருந்து எந்த ஆப் வந்தாலும் முதலில் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்துப் பேசினோம். டெஸ்ட் எல்லாவற்றையும் பள்ளிக் கம்ப்யூட்டர் லேபிலேயே வைத்தோம்.

பள்ளிக்கு வராத மற்ற பிள்ளைகளின் வீடுகளிலும் விசாரித்தபோது, அதே மாதிரிப் போன் வந்ததால் நின்றுபோனவள் இன்னொருத்தி இருந்தாள். அவள் அதற்குள் மில்லில் சேர்ந்திருந்தாள். இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். அவளுடைய பழைய மார்க்கையும் காட்டினேன்.

"எனக்குக் கணக்கு வராது மேடம். கம்ப்யூட்டரே பாத்துச் சொல்லிட்டுல்லா" என்றாள். அவள் வரவே இல்லை.

இன்று கல்வி அலுவலராக இருப்பவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இதுதான். இலவசமாக வருகிற எதிலும் கையெழுத்துப் போடும் முன்னால், அது யார் வீட்டுக்குள் போகிறது என்று போய்ப் பாருங்கள். மில்லுக்குப் போன அந்தப் பிள்ளையின் பெயர் எனக்கு மறக்கவில்லை. இங்கே எழுத மாட்டேன். அவளைக் கேட்காமல் ஒரு தடவை கொடுத்ததே போதும்.