ரோசலின் அக்காவின் வாயால் வந்த பதில்

"எனக்கு ஒன்றும் தெரியாது." மூன்று இன்டர்வியூவில் நான் இந்த மாதிரிப் பதிலைத்தான் சொன்னேன். மூன்றிலும் வேலை கிடைக்கவில்லை. நான்காவதில் என்ன சொன்னேன், அதற்கு முன்னால் ஆண்டவர் என்னை எப்படி ஒரு பிடி பிடித்தார் என்பதைச் சொல்லத்தான் இன்று இந்த ஆண்டு விழாவில் உங்கள் முன்னால் நிற்கிறேன். சபையாரே, கொஞ்சம் வசதியாக உட்காருங்கள். சுருக்கமாகப் பேச எனக்கு வராது, அது உங்களுக்கே தெரியும்.

போன வருடம் சீனப் பெருநாள் லீவு முடிந்து வேலைக்குப் போன அன்றே எங்களை எல்லாம் கேண்டீனுக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். பாசிர் கூடாங்கில், ரேடியோவுக்கும் டிவிக்கும் உள்ளே போகிற சின்னச் சின்னப் பாகங்கள் செய்யும் பேக்டரி அது. இருபது வயதில் ஓப்பரேட்டராகச் சேர்ந்தேன். பிறகு லைன் லீடரானேன். நாற்பதும் தாண்டிவிட்டது. மேனேஜர் கையில் இருந்த பேப்பரைப் பார்த்துப் படித்தார். பேக்டரியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகிறார்களாம். கூட வேலை செய்த நோரா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, வீட்டுச் செலவைத்தான் மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

மாசாயில் எங்கள் வீட்டு நிலைமையும் அப்போது சரியில்லை. என் வீட்டுக்காரர் சாமுவேலுக்கு அதற்கு முந்தின வருடம் இருதயத்தில் அடைப்பு எடுத்திருந்தார்கள். கனமான வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பகலில் மட்டும் ஒரு கட்டடத்தில் காவல் வேலை பார்த்தார். மகள் ஜெனிக்கு அது பள்ளியை முடிக்கும் எஸ்பிஎம் பரீட்சை வருடம். லாபிஸில் இருக்கும் இவருடைய அண்ணன் போன் போட்டார்.

"மாசாய்ல இருந்து என்னா பண்ணப் போறீங்க? இங்க வீடு சும்மாதான் கெடக்கு. மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துடுங்க லா."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் போனால் ஜெனி பரீட்சை நேரத்தில் பள்ளிக்கூடம் மாற வேண்டும். இவரைப் பார்க்கிற டாக்டர் இங்கே இருக்கிறார். சபை இங்கே இருக்கிறது. வருட நடுவில் வரும் பள்ளி விடுமுறைக்குள் எனக்கு வேலை கிடைக்காவிட்டால் லாபிஸுக்குப் போவது என்று முடிவாயிற்று. ஜெனி கதவைச் சாத்திக்கொண்டு படிக்கப் போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தினமும் காலையில் அவள் பள்ளிக்குப் போனதும் துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில் முழங்கால் போடுவேன். அந்தச் சத்தத்தில் நான் அழுவது இவருக்குக் கேட்காது. "ஆண்டவரே, ஒரு வேலை கொடும்." அவ்வளவுதான் ஜெபம்.

முதல் இன்டர்வியூ ஒரு கிடங்கில். சின்ன வயசு சீனப் பெண் ஒருத்தி, சிரித்த முகம். "உங்ககிட்ட என்ன திறமை இருக்கு?" என்று மலாயில் கேட்டாள். நம் சபையில் யாராவது நம்மைப் புகழ்ந்தால் என்ன சொல்வோம்? "நான் ஒன்றுமில்லை, எல்லாம் ஆண்டவர் செய்தது" என்போம் அல்லவா? அதையே அப்படியே மலாயில் சொன்னேன். எனக்கு ஒன்றும் தெரியாது, கடவுள்தான் இதுவரை நடத்தினார் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம், ஆண்டவரை விட்டுக்கொடுக்காமல் பேசிவிட்டேன் என்று.

இவரிடம் சொன்னேன். இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவங்க சாட்சியா கேட்டாங்க? வேலைக்கு ஆள் கேட்டாங்க லா!"

இவருக்கு விசுவாசம் போதாது என்று நினைத்துக்கொண்டு சோற்றைப் போட்டேன். இரண்டாவது, ஹோட்டலுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் இடம். அங்கேயும் அதே பதில்தான். மூன்றாவது இடத்தில், பேக்டரியில் நீங்கள் செய்து எது நன்றாக வந்தது என்று கேட்டார்கள். எல்லாம் கூட வேலை செய்தவர்கள் செய்தது, நான் சும்மா நின்றேன் என்றேன். இத்தனை வருடம் சும்மா நின்றவளை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

மூன்றும் போன பிறகு நான் சொன்ன பொய்யை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். வேலை விளம்பரங்களில் தலைமைத்துவம், தொடர்பாற்றல், பிரச்சினையைத் தீர்க்கும் திறன் என்று போட்டிருக்கும். அதெல்லாம் பட்டம் வாங்கினவர்களுக்கு என்று கடந்துபோவேன். ஒரு நாள் ஜெனி, வேலை தேடும் ஓர் இணையத்தளத்தில் எனக்காகப் பதிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, ஒவ்வொரு திறமைக்கும் ஒன்னுலேருந்து அஞ்சு வரைக்கும் நீங்களே மார்க் போடணும்."

"எல்லாத்துக்கும் ஒன்னு போடு."

"எல்லாத்துக்குமா? பொய் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

எனக்கு வந்ததே கோபம்! "போய்ப் படிக்கிற வேலையப் பாரு" என்று விரட்டிவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை மனசை விட்டுப் போகவில்லை. அடுத்த நாள் காலை மெஷின் பக்கத்தில் முழங்கால் போட்டபோது ஜெபமே மாறிவிட்டது. "ஆண்டவரே, என் கையில் எதையாவது வைத்திருந்தால் அது என்னவென்று எனக்குக் காட்டும். ஒன்றுமே இல்லையென்றால், லாபிஸுக்குப் போக ஒரு நல்ல மனசையாவது கொடும்." கேட்டுவிட்டு வெகு நேரம் அப்படியே இருந்தேன். மெஷின் நின்றுவிட்டது. எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு நம் சபையின் ஆண்டு விழா. உங்களுக்கு நினைவிருக்கும், எப்படி மறக்கும்? ஒவ்வொரு வருடமும் விருந்துப் பொறுப்பில் ஓடுகிற நான் அந்த வருடம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேலை போனவள், முகத்தைக் காட்ட வெட்கமாக இருந்தது. மாதர் ஐக்கியத் தலைவி ரோசலின் அக்கா தனியாகவே விருந்தைப் பார்த்துக்கொண்டார். அக்காவுக்கும் எனக்கும் உள்ள சிநேகம் ஊர் அறிந்தது. அவர் கிழக்கே போனால் நான் மேற்கே போவேன்.

ஆராதனை முடிந்தது. மாடியிலிருந்து கீழே இறங்கினால், அலமாக், என்ன கூட்டம்! சோறு ஒரு மூலையில், கோழிக்கறி எதிர் மூலையில். தட்டு வாங்குகிறவர்களும் சோறு வாங்குகிறவர்களும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் பசியில் அழுதார்கள். பரிமாற வந்த வாலிபர்கள் கரண்டியை வைத்துக்கொண்டு யாராவது எதையாவது சொல்வார்களா என்று பார்த்தபடி நின்றார்கள். பேசாமல் இருக்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் என்னை நானே பிடித்துவைத்துப் பார்த்தேன். முடியவில்லை. நடுவில் புகுந்தேன்.

"மேசைய இப்படித் திருப்புங்க. தட்டு வாசல்கிட்ட வரட்டும். பிள்ளைங்க இந்தப் பக்கம், பெரியவங்க அந்தப் பக்கம். கோழி தீரப் போகுது, சின்னக் கரண்டி எடுங்க!"

நம் சபைக்கு வரும் நேப்பாளத் தம்பிகளுக்குக் கையைக் காட்டினேன், தண்ணீர்ப் பெட்டிகளை வெளியே கொண்டுபோய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோர் கையிலும் சாப்பாடு இருந்தது. அப்போதுதான் ரோசலின் அக்கா வெடித்தார், எல்லோர் முன்னாலும்.

"உனக்கு எப்பப் பார்த்தாலும் இதே வேலைதான், சலோமி! வந்து நின்னதும் யார் எங்க நிக்கணும்னு சொல்லுவ. சட்டியப் பார்த்ததும் எத்தன பேருக்கு வரும்னு சொல்லிடுவ. பாஷை தெரியாதவன்கிட்டகூட வேலை வாங்கிடுவ. யாருக்கிட்ட எத எப்படிச் சொன்னா செய்வாங்கன்னு உனக்கு மட்டும்தான் தெரியுமா? அப்ப நாங்க எதுக்கு, வேடிக்கை பார்க்கவா?"

வேறு நாளாக இருந்தால் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். நான் ஆண்டவரிடம் என்ன கேட்டேன்? என் கையில் இருப்பதைக் காட்டும் என்று கேட்டேன். இதோ ஒருவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார், அதுவும் மைக் இல்லாமலேயே!

"அக்கா, இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னா, கிண்டலா?"

நான் அழுதுவிட்டேன். ரோசலின் அக்கா பயந்துபோனார். என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். இன்டர்வியூ கதை, ஜெபம், லாபிஸ் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் வாயில் வந்தது வேறு.

"அடிப்பாவி! எங்களயெல்லாம் இந்த ஆட்டு ஆட்டி வச்சிட்டு, அங்க போயி ஒன்னும் தெரியாதுன்னா சொன்ன?"

அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தோம். அந்த வாரமே தன் வீட்டு ஹாலில் என்னை எதிரில் உட்கார வைத்து இன்டர்வியூ எடுத்தார். என்ன தெரியும் என்றார். "ஆண்டவருடைய கிருபையால..." என்று ஆரம்பித்தேன். மேசையைத் தட்டினார்.

"அவருக்கு நன்றிய ஜெபத்துல சொல்லு. கேக்குறவங்களுக்குப் பதில் சொல்லு. அவர் கொடுத்தத இல்லன்னு சொன்னா அவருக்கு அது மரியாதையா?"

கொடுத்ததை இல்லை என்று சொல்வதைத்தான் இத்தனை நாளும் தாழ்மை என்று நினைத்திருந்தேன். ஆனால் அக்கா என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் இல்லை. கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டார். பேக்டரியில் பார்த்திருக்கிறேன் என்றேன்.

"டிவியில ஏரோப்ளேன்கூடத்தான் பார்க்குறோம். ஓட்டத் தெரியுமா? இன்னொன்னும் கேட்டுக்க. உன் வாய்தான் உனக்கு எதிரி. நல்லதச் சொன்னாலும் அதட்டித்தான் சொல்லுவ."

இந்த இரண்டையும் ஒத்துக்கொண்டேன். வலித்தது, ஆனாலும் ஒத்துக்கொண்டேன். சனிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள். மௌஸைப் பிடித்தால் அம்பு ஒரு பக்கம் ஓடும், என் கை ஒரு பக்கம் ஓடும். வீட்டில் ஜெனி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். கட்டம் கட்டமாகப் போட்டுக் கணக்கைக் கூட்டக் கற்றுக்கொண்ட அன்று வீட்டு மளிகைச் சாமான் முழுவதையும் அதில் ஏற்றிவிட்டேன். வாயைக் குறைக்கும் பயிற்சியை என் வீட்டுக்காரர்மேலேயே ஆரம்பித்தேன். "தேத்தண்ணி ஊத்தித் தர்றீங்களா?" என்று மெதுவாகக் கேட்ட முதல் நாள், உனக்கு உடம்பு சரியில்லையா என்று பயந்துவிட்டார்.

பள்ளி விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. லாபிஸ் அண்ணன் அறைக்குப் பெயிண்ட் அடிக்கப்போவதாகச் சொன்னார். அந்த நேரத்தில்தான் நான்காவது அழைப்பு வந்தது. பேக்டரிகளுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்புகிற ஒரு பெரிய சமையல் கூடம், மேற்பார்வையாளர் வேலை. அதன் பொறுப்பாளர் மலாய்க்கார அம்மா, ஐம்பது வயதிருக்கும், நிதானமான ஆள். எல்லோரும் புவான் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவர் கேட்டார், "உங்களால என்ன முடியும்?"

பழைய வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரு வினாடி கண்ணை மூடித் திறந்தேன். பிறகு சொன்னேன். "புவான், ஒரு வரிசையைப் பார்த்தால் வேலை எங்கே தேங்கும் என்று எனக்குத் தெரியும். ஆட்களைப் பார்த்து, அவரவருக்கு ஏற்ற இடத்தில் நிற்க வைப்பேன். பாஷை தெரியாதவர்களோடு வருடக்கணக்கில் வேலை செய்திருக்கிறேன். கம்ப்யூட்டர் இப்போதுதான் படிக்கிறேன், இன்னும் மெதுவாகத்தான் வரும். குரல் கொஞ்சம் பெரிசு. அதையும் குறைத்துக்கொண்டு வருகிறேன்."

புவான் சிரித்துவிட்டார். இங்கே புகை உறிஞ்சும் காற்றாடிச் சத்தத்தில் சின்னக் குரல் யாருக்கும் கேட்காது, ரொம்பவும் குறைத்துவிடாதீர்கள் என்றார். உள்ளே கூட்டிக்கொண்டு போய், எங்கே தேங்குகிறது சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டார். இரண்டு இடம் காட்டினேன். ஒன்று சரி. இன்னொன்று, அன்றைக்கு ஓர் ஆள் லீவு, அதனால்தான் என்றார். தப்பாகச் சொல்லிவிட்டோமே என்ற கவலையோடு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் போன் வந்தபோது மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் செதில். ஜெனிதான் போனை என் காதில் வைத்துப் பிடித்தாள். வேலை எனக்குத்தான் என்றார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து, மீன் கையோடு "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று கத்தினேன். ஜெனி என்னைக் கட்டிப்பிடித்து, "அப்ப நான் ஸ்கூல் மாற வேணாமாம்மா?" என்றாள். அத்தனை நாளும் அவள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது. வேண்டாம் என்று சொல்லி அவள் தலையில் முத்தமிட்டேன்.

ஜெனி இங்கேயே பரீட்சை எழுதினாள், நன்றாகவே பாஸானாள். லாபிஸ் அண்ணன் பெயிண்ட் அடித்த அறையில் பெருநாள் லீவுக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தோம். வேலையில் எனக்குச் சிரமமான நாட்கள் உண்டு, கம்ப்யூட்டர் இன்னும் சில நேரம் என்னை அழ வைக்கிறது. ஆனாலும் காலையில் சந்தோஷமாக எழுந்து போகிறேன்.

கடைசியாக ஒன்று. போன மாதம் வேலை கேட்டு ஓர் அம்மா வந்தார். இப்போது ஆள் எடுக்கும்போது புவான் என்னையும் பக்கத்தில் உட்கார வைக்கிறார். என்ன தெரியும் என்று கேட்டதற்கு அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஒன்னும் தெரியாதுங்க" என்றார்.

"சரி, அது போகட்டும். வீட்டுல உங்கள எதுக்குத் திட்டுவாங்க?" என்று கேட்டேன்.

அவர் திகைத்துப்போனார். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே, "சும்மா எத்தயாச்சும் கழுவித் துடைச்சிக்கிட்டே இருக்கேன்னு மருமக திட்டுவா" என்றார். எங்கள் சமையல் கூடத்தின் சுத்தம் முழுவதையும் இன்று அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

அன்பானவர்களே, வேலை இல்லாமல் மனசு உடைந்து யாராவது இங்கே உட்கார்ந்திருந்தால், உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று ஆண்டவரிடமே கேளுங்கள். நான் கேட்டேன், காட்டினார். நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, யார் வாயிலிருந்து பதில் வந்தாலும் சண்டைக்குப் போகாமல் முழுவதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

அதோ, மூன்றாவது வரிசையில் ரோசலின் அக்கா கையைக் காட்டுகிறார், சாப்பாடு ஆறுகிறதாம். ஆண்டவருக்கு என் நன்றி. அக்கா, உங்களுக்கும்தான். இந்த வருடமும் மேசையை நான்தான் திருப்பிப் போடுவேன், வந்து திட்டுங்கள்.