ஆளில்லாத இடத்துக்குப் பந்து போடுகிறவர்

ரசக் கிண்ணத்தை விரல் நுனியால் ஒரு தள்ளு தள்ளினார் கிரில். அது மேஜைமேல் வழுக்கிக்கொண்டே போய், அப்பள டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே இருந்த சந்தில் புகுந்து, ஒரு சொட்டும் சிந்தாமல், யாரும் உட்காராத நாற்காலிக்கு முன்னால் நின்றது.

"ஏல ஜாய்சா, எங்கல இருக்க?"

"கை கழுவுதேன் அத்தான்," என்று வாஷ்பேசின் பக்கமிருந்து குரல் வந்தது.

"ரசம் வந்தாச்சு. நீ வரல. தப்பு யாரு மேல?"

கேள்வி கேட்டவர் அசல் ரஷ்யர். வோல்கா நதிக்கரை ஊர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர், வெயில் பட்டால் கழுத்து தக்காளி நிறத்துக்குப் போய்விடும். கை கழுவிக்கொண்டிருந்தவன் அவருடைய மனைவி எமியின் தம்பி. எமியின் குடும்பம் தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருந்தாலும் வீட்டுக்குள் பேசுவது இன்னும் பாளையங்கோட்டைத் தமிழ்தான். மாமியார் ஜெயசுந்தரி கையால் சாப்பிட்டபடியே அந்தத் தமிழைக் கற்றுக்கொண்டார் கிரில். தெருவில் கற்ற ஹைதராபாத் உருது தனி. ஒரே மூச்சில் "ஏல" என்றும், வேண்டாம் என்பதற்கு "நக்கோ" என்றும் சொல்லக்கூடிய ரஷ்யர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். மாமியார் அவரை "கிரி" என்று கூப்பிடப்போய், இப்போது சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கும் அவர் கிரிதான்.

ஒரு காலத்தில் இந்தக் கிரி ரஷ்யாவில் பெயர் சொல்லும்படியான கால்பந்து ஆட்டக்காரர். நடுமைதானத்தில் நின்றுகொண்டு, யார் எங்கே ஓடவேண்டும் என்பதைப் பந்தாலேயே சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. ஆள் நிற்கும் இடத்துக்குப் பந்து போடமாட்டார். ஆள் வந்திருக்கவேண்டிய இடத்துக்குத்தான் போடுவார். வந்தால் கோல், வராவிட்டால் சண்டை. அவருடைய ஆட்ட வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

முதல் கிளப்பில் பயிற்சியாளர் "ஓடு, ஓடு" என்று கத்தியிருக்கிறார். "பந்து ஓடுது. நான் எதுக்கு ஓடணும்?" என்று கேட்டு, ஆட்டம் நடக்கும்போதே பந்தின்மேல் உட்கார்ந்துவிட்டார் இவர். இரண்டாவது கிளப்பில் கார்னர் கிக்கை நேராகப் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடித்தார். "நான் குறி வச்சது அவர இல்ல அண்ணாச்சி, அவர் கையில இருந்த காப்பிய. காப்பி மட்டுந்தான் விழுந்துச்சு," என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். பிறகு கஜகஸ்தான். அங்கே சொந்த அணியில் ஒருவருக்கும் தன் பந்து புரியவில்லை என்று கோபித்துக்கொண்டு எதிரணிக்குப் போட ஆரம்பித்தார். அவர்களுக்கு உடனே புரிந்ததாம். கோலும் போட்டார்களாம்.

கடைசியில் ஒரு ஏஜென்ட் அவரைப் பிடித்தார். இந்தியாவில் ஒரு கிளப், கடற்கரை ஊர், வெயில், இளநீர் என்று ஆசை காட்டியிருக்கிறார். ஹைதராபாத்தில் வந்து இறங்கிய கிரில், பெட்டியை வைத்த கையோடு "கடல் எங்கே?" என்று கேட்டார். ஹுசைன் சாகர் ஏரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நடுவே நிற்கும் புத்தர் சிலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அறைக்குத் திரும்பிக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். அந்தக் கிளப்பும் ஒரு சீசனுக்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை. அதற்குள் இவர் ஓய்வறைக் கதவை உதைத்துக் கட்டைவிரலை உடைத்துக்கொண்டிருந்தார்.

எக்ஸ்ரே எடுத்தவர்தான் எமி. கதவின்மேல் தப்பு, கிளப்பின்மேல் தப்பு, இந்தியாவின்மேல் தப்பு என்று ரஷ்ய மொழியில் முழங்கிக்கொண்டிருந்தவரிடம், "அசையாம இருங்க" என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். மொழி புரியாமலே அடங்கிவிட்டார். எத்தனையோ பயிற்சியாளர்களால் முடியாத காரியம் அது. அடுத்த வருஷம் கல்யாணம்.

இப்போது வேலை அமீர்பேட்டில். மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி நிலையத்தில் ரஷ்ய மொழி சொல்லித்தருகிறார். மற்றவர்கள் வணக்கத்தில் தொடங்குவார்கள். இவருடைய முதல் பாடம், "அங்கே இடம் காலியாக இருக்கிறது". ஆஸ்பத்திரியில் இது எதற்கு என்று கேட்கக்கூடாது. கேட்டால் மார்க்கரை மேஜைமேல் வைத்துவிட்டு ராஜினாமா செய்வார். நிலையத்துக்காரர்கள் பதறுவதில்லை, கீழே டீக்கடைக்கு ஆள் அனுப்புவார்கள். டீ குடித்து முடித்ததும் திரும்பி வந்து, விட்ட வாக்கியத்திலிருந்து பாடத்தைத் தொடர்வார்.

அவர் திறமையை முழுசாகப் பார்க்கவேண்டுமானால் சாயங்காலம் அமீர்பேட் மெட்ரோவில் பார்க்கவேண்டும். ஊரே ரயில் மாறும் நேரம். அந்தக் கூட்டத்தில் கிரி யார்மேலும் உரசாமல், வேகத்தையும் கூட்டாமல், படியேறிப் போய்க்கொண்டே இருப்பார். ஒருநாள் நான் அவர் பின்னாலேயே போக முயன்று ஒரு பெரிய ட்ராலி பெட்டிக்கும் அதன் சொந்தக்காரருக்கும் நடுவே மாட்டிக்கொண்டேன். மேலே நின்று திரும்பிப் பார்த்த கிரி, "வெங்கட் அண்ணாச்சி, ஆளப் பாக்காதீங்க. எடத்தப் பாருங்க," என்றார். எனக்கு ஆள்தான் தெரிந்தது.

நான் யார் என்று சொல்லவில்லையே. வெங்கட்ரமணன். எமியின் திருச்சபைக் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர். சபைக்காரனாக இல்லாத எனக்கு இந்தப் பதவி கிடைத்ததற்குக் காரணம், சபையில் யாரும் அதற்கு முன்வராததுதான். பந்து கையில் கிடைத்ததும் ஓங்கி உயர அடிப்பது என் வழக்கம். முதல் நாளே கிரி நடந்து வந்து என் தோளில் கைபோட்டார். "அண்ணாச்சி, மேல அடிக்காதீங்க. மேல நம்மாளு யாரும் இல்ல. ஆண்டவர் மட்டுந்தான் இருக்கார்."

அணியின் மேனேஜர் கிரியின் மாமனார் ஆர்தர். ஆகவே ஜாய்சன் முன்வரிசை ஆட்டக்காரன். மல்லாபூரில் ஒரு பசைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். நல்ல கனமான உடம்பு, தங்கமான மனசு. அவனுக்கும் ஒரு கொள்கை உண்டு. "பந்து நம்மகிட்ட வரணும். நாம எதுக்கு அது பின்னால போகணும்?" அத்தானும் ஓடமாட்டார், மச்சானும் ஓடமாட்டான். இருவருக்கும் நடுவே பந்து தன்பாட்டுக்கு உருண்டு கோட்டைத் தாண்டிப் போகும். இப்படியே பல வருஷங்கள் ஆடியிருக்கிறோம்.

இனி பூட்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். கிரியின் பூட்ஸ் அவருடைய முதல் கிளப் காலத்தது. கறுப்புத் தோல். பல் தேய்க்கும் பிரஷால் துடைத்து, எண்ணெய் போட்டு, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாத குறை. எமி ஒருமுறை நல்லெண்ணத்தில் அதைக் கழுவி வெயிலில் காயவைத்ததற்கு மனுஷர் கோபித்துக்கொண்டு பால்கனியில் படுத்தார். ஆட்டத்தில் அவர் மனசு எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அந்தப் பூட்ஸில்தான் தெரியும். லேஸை அவிழ்த்தால் கோபம். இடது பூட்ஸ் கழன்றால் அவமானப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம். இரண்டும் கழன்றால் ராஜினாமா. லேஸ்களை முடிச்சுப்போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிடுவார். அவர் ஓர் ஆட்டத்தை முழுசாக ஆடி முடித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

சபையின் அறுவடைத் திருநாளான அறுப்பின் பண்டிகையை ஒட்டி வருஷா வருஷம் ஒரு கோப்பைப் போட்டி நடக்கும். போன தடவை அரையிறுதியில் பூட்ஸ் இரண்டும் கழன்றன. பத்துப் பேரோடு ஆடித் தோற்றோம். ஆர்தர் அதன்பிறகு ஆராதனை முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் பக்கவாசல் வழியாகவே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். இந்த வருஷம் போட்டிக்கு முன்னால் மருமகனை உட்காரவைத்துப் பேசினார்.

"மாப்ள, சபைக் கமிட்டியில கறாராச் சொல்லிட்டாங்க. நீங்க இந்தத் தடவையும் பாதியில போனீங்கன்னா, அடுத்த வருஷத்துலேருந்து டீமே கிடையாதாம். கால்பந்துக்குப் பதிலா எலுமிச்சம்பழமும் ஸ்பூனும் வச்சு ஓட்டப்பந்தயம் நடத்தப்போறாங்களாம்."

மறுநாள் கிரி என்னிடம் சொன்னார். "ரஷ்யால எல்லாம் போச்சு அண்ணாச்சி. கஜகஸ்தான் போச்சு. இந்த ஒரு டீம்தான் பாக்கி. இதுவும் போனா நான் யாருக்குப் பந்து போட? சுவருக்கா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அரையிறுதியில் எங்களுக்கு எதிராக வந்தது பாலாநகர் தொழிற்சாலை அணி. நன்றாக ஆடுகிறவர்கள். பூட்ஸ் சமாசாரம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. கோட்டுக்கு வெளியே நின்ற அவர்களுடைய ஆட்கள், "கிரி பாய், பூட் நிகாலோ!" என்று தாளம் போட்டுக் கத்தினார்கள். கழற்றிவிடு என்று அழைப்பு. எமி மடக்கு நாற்காலியைக் கணவர் கண்ணில் படும்படி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கிரி போட்ட முதல் பந்து வழக்கம்போல ஆளில்லாத இடத்துக்குப் போனது. ஜாய்சன் அது போவதை மரியாதையுடன் பார்த்துக்கொண்டு நின்றான். "ஏல! எடம் இங்க கெடக்கு, நீ அங்க நிக்க!" என்றபடி கிரி குனிந்தார். லேஸ் அவிழ்ந்தது. எமி ஒரு விரலைத் தூக்கினார். லேஸ் மறுபடி முடியப்பட்டது.

இடைவேளைக்குள் ஒரு கோல் வாங்கிவிட்டோம். தப்பு என்னுடையது, அதைப் பற்றி விரிவாகச் சொல்ல விருப்பமில்லை. இடைவேளைக்குப் பிறகு மூன்று பேரை ஏமாற்றி, கிரி இன்னொரு பந்து போட்டார். அதுவும் அநாதையாக வெளியே போயிற்று. பாலாநகர்க்காரர்கள் விசில் அடித்தார்கள். கிரியின் இடது பூட்ஸ் கழன்றது. ஆர்தர் கண்ணை மூடிக்கொண்டார். கிரி பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே சிக்கிய கல்லை உதறுவதுபோல இரண்டு தட்டு தட்டி, திரும்ப மாட்டிக்கொண்டார். கல் எதுவும் விழவில்லை. கோபத்தை விழுங்கிப் பழக்கமில்லாத மனுஷர் அதை விழுங்க முயன்றுகொண்டிருந்தார். முகம் கோணிப்போயிருந்தது.

அந்த முகத்தை ஜாய்சன் பார்த்திருக்கிறான். "அத்தானப் பாத்தேன், பாவமா இருந்துச்சு" என்று பிற்பாடு சொன்னான். வேறு காரணம் இல்லை. அடுத்த தடவை கிரியின் காலுக்குப் பந்து வந்ததும் ஜாய்சன் ஓட ஆரம்பித்தான்.

கோலில் நின்ற எனக்கு முதலில் புழுதிதான் தெரிந்தது. இரண்டு பாலாநகர்க்காரர்களுக்கு நடுவே பந்து ஊசியில் நூல் கோத்ததுபோல நுழைந்து காலி இடத்துக்குப் போனது. அது போய்ச் சேர்ந்தபோது, அந்த இடம் காலியாக இல்லை. ஜாய்சன் இருந்தான். எதிரே கோல்கீப்பர் மட்டும். காலை வீசி ஓங்கி உதைத்தான்.

ஜாய்சனின் பூட்ஸ் நடைபாதையில் வாங்கியது. அடிப்பாகம் வாய் பிளந்ததும், தொழிற்சாலையிலிருந்து பசை கொண்டுவந்து தானே ஒட்டியிருந்தான். "எங்க கம்பெனி பசை. மேல லாரி ஏறினாலும் பிரியாது," என்று காலையில்தான் எல்லோருக்கும் காட்டினான். லாரிக்கு எப்படியோ, ஜாய்சனுக்குப் பிரிந்துவிட்டது. அடிப்பாகம் தனியே கிளம்பிப் பறந்தது. பாலாநகர் கோல்கீப்பர் அதைப் பந்தென்று நினைத்து முழு நீளத்துக்குப் பாய்ந்தார், பிடிக்க முடியவில்லை. அது அழகாகக் கோலுக்குள் விழுந்தது. பந்து கம்பத்துக்கு வெளியே மெதுவாக உருண்டு போனது.

மைதானம் முழுக்கச் சிரிப்பு. நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். ஜாய்சன் பூட்ஸின் மேல்பாகம் மட்டும் காலில் தொங்க, விரல்களெல்லாம் வெளியே தெரிய, தலைகுனிந்து நின்றான்.

பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினோம். கிரி தரையில் உட்கார்ந்திருந்தார். வலது லேஸை அவிழ்த்தார், பிறகு இடது. இரண்டு பூட்ஸும் கழன்றன. "நிகாலோ, நிகாலோ!" என்று பாலாநகர்க்காரர்கள் கைதட்டினார்கள். ஆர்தர் திரும்பி நின்றுகொண்டார். எமி எழுந்து நாற்காலியை மடக்கினார். கமிட்டிக்காரர்கள் மனசுக்குள் எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருப்பார்கள்.

ஆனால் பூட்ஸ் கழுத்துக்குப் போகவில்லை. அதைக் கையில் பிடித்தபடி, சரளைக்கல் குத்தக் குத்த, நொண்டி நொண்டி ஜாய்சனிடம் நடந்தார் கிரி.

"மன்னிச்சிருங்க அத்தான். பசை சரியில்ல."

"பசைய விடுல. நீ வந்துட்டேல்லா?"

எமியைத் தொடவிடாத அந்தப் பூட்ஸை, மச்சான் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து அவன் கால்களில் மாட்டிவிட்டார். கொஞ்சம் இறுக்கம்தான், குதிகாலை அமுக்கி உள்ளே தள்ளினார். லேஸை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டார். வெறுங்காலோடு எப்படி ஆடுவீர்கள் என்று நடுவர் கேட்டார். "நான் எதுக்கு ஓடணும்?" என்றார் கிரி. மடக்கிய நாற்காலியை எமி மறுபடி விரித்துப் போட்டார்.

கிரி வெறுங்காலோடு நடுமைதானத்துக்குத் திரும்பிப் போய் நின்று, தூரத்தில் ஆளில்லாத ஓர் இடத்தை ஜாய்சனுக்கு விரலால் காட்டினார்.