பூஜைக்குப் போன ஒட்டுண்ணி

பூங்குழலி மைசூரில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் கௌரவ விரிவுரையாளர். பதவியில் கௌரவம் இருப்பதால் சம்பளத்தில் அதைச் சேர்க்கவில்லை. நஞ்சன்கூடு சாலைப் பக்கம் ஒரு வில்லாக் குடியிருப்பில், மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருக்கிறார். குடியிருப்புச் சங்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர்களுக்குத்தான் ஓட்டு. வாடகைக்காரர்கள் பேசலாம், யாரும் கேட்க வேண்டியதில்லை. அவருக்குத் திருமணம் ஆகவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தாவரவியல் படித்தவர் என்பது, பொதுப் புல்வெளி செத்துக்கொண்டிருந்தபோதுகூட, யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அந்தப் புல்வெளி சங்கத் தலைவர் மஞ்சுநாத்தின் கனவு. ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், மைசூரிலேயே பிறந்த தமிழர். ஐரோப்பாவில் மகள் வீட்டுக்குப் போனவர், பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு பை புல்விதையை மறைத்துக் கொண்டுவந்தார். சுங்கத்துறையை ஏமாற்றியதை அவர் சாகசக் கதையாகச் சொல்வது வழக்கம்.

மழை விட்டதும் விதையைப் பழைய புல்லின் மேல் தூவியவர் தோட்ட வேலை செய்யும் மாதம்மா. ஹனூர்ப் பக்கத்துக்காரர், கணவரை இழந்தவர். அதனால் குடியிருப்புப் பிள்ளையார் கோயில் முன்னாலிருக்கும் புல் சதுரத்தில் மட்டும் அவர் கால் வைக்கக் கூடாது என்று சங்கம் விதி வைத்திருந்தது. பெண்கள் முன்னேற்றம் பற்றி மார்ச் மாதம் கூட்டம் நடத்தும் அதே சங்கம்தான். ஆகவே அந்தச் சதுரத்தில் நல்ல நேரம் பார்த்து, வேட்டி கட்டி, மஞ்சுநாத்தே தன் கையால் தூவினார்.

தை பிறந்தபோது புல்வெளி முழுக்க மஞ்சள் பூக்கள். மஞ்சுநாத் பூரித்துப்போனார். பிள்ளையார் தனக்கு வேண்டிய பூவைத் தானே வரவழைத்துக்கொண்டார் என்று சொல்லி, அதையே பூஜைக்கு வைத்து, பூ வாங்க தேவராஜ மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தினார். அதே வாரங்களில் புல் வெளுத்து, மெலிந்து, திட்டுத்திட்டாகக் காய்ந்தது. பரிகாரமாகப் புல்லுக்கு ஒரு ஹோமம் நடந்தது. புகையைக் குடித்தும் புல் பிழைக்கவில்லை. கடைசியில் சங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. பூத்ததற்குப் பிள்ளையார் காரணம், காய்ந்ததற்கு மாதம்மா காரணம். பொறுப்பை இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் கொடுக்க எந்த அலுவலகத்தாலும் முடியாது.

"ஞாயித்துக்கெழம மீட்டிங் வெச்சிருக்காங்க டீச்சர். என்னைய நிறுத்தப் போறாங்க" என்றார் மாதம்மா, மாடிப்படியில் உட்கார்ந்து.

"எதுக்காம்?"

"எனக்குக் கைராசி இல்லீங்களாம். நெசமாக்கூட இருக்கும். எங்க வூட்டுக்காரரே எங்கிட்டத் தங்கலையே."

"அவர் சாரத்துல இருந்து விழுந்து செத்தாரு அக்கா. அந்தச் சாரத்தைக் கட்டவெச்ச கான்ட்ராக்டர் கையப் பத்தி யாராவது பேசினாங்களா?"

மாதம்மா யோசித்தார். "அவரு கை நல்ல கைதானுங்க. மோதரமெல்லாம் போட்டிருப்பாரு."

பூங்குழலி கீழே இறங்கிப்போய் ஒரு செடியைப் பறித்து வந்தார்.

உதடு பிளந்த மாதிரிப் பூ. தும்பைக் குடும்பமோ என்று தண்டை விரல்களுக்கிடையே உருட்டினார். தும்பைக்குத் தண்டு சதுரம், இது உருண்டை. பூவுக்குப் பின்னால் வால் மாதிரி நீட்சியும் இல்லை, ஆகவே வால்பூச் செடிகளின் இனமும் அல்ல. இலையும் தண்டும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டின. காய்க்குள் தூசியைப்போல எண்ண முடியாத விதைகள். கர்நாடகத் தாவரங்கள் பற்றிய புத்தகங்களில் தேடினார், ஒன்றும் பொருந்தவில்லை. இந்த மண்ணின் செடியே இல்லையோ என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது.

மறுநாள் செடியைப் புல்லோடும் மண்கட்டியோடும் பெயர்த்தெடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல அலசினார். மண் கரைந்ததும் கதை தெரிந்தது. செடியின் வேர் புல்லின் வேரை அங்கங்கே கவ்வியிருந்தது. கவ்விய இடமெல்லாம் சின்னச் சின்ன முடிச்சு.

மஞ்சுநாத்தின் விதைப் பை நினைவுக்கு வர, ஐரோப்பியத் தாவரங்களில் தேடிப் பெயரைப் பிடித்தார்: பெல்லார்டியா விஸ்கோசா. மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. ஐயம் தீர, படங்களை உலர்தாவரச் சேகரம் ஒன்றுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆம் என்று பதில் வந்தது. இந்தச் செடியை முன்பு வேறொரு குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்ததும் தப்பு என்று ஒப்புக்கொண்டு, ஒட்டுண்ணிகளின் குடும்பத்துக்கு மாற்றினார்கள். பிறப்பால் வந்த இடம் போயிற்றே என்று எந்தச் செடியும் ஊர்வலம் போகவில்லை. ஆதாரம் கிடைத்தால் வகைப்பாட்டை மாற்றிக்கொள்ளும் நாகரிகம் செடிகளின் விஷயத்தில் மட்டும் மனிதனுக்கு வாய்த்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வாளியோடும் உருப்பெருக்கியோடும் பூங்குழலி கூட்டத்துக்குப் போனார். வேர் முடிச்சுகளை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"நோடி மேடம், பாருங்க, பச்சையா இருக்குல்ல?" என்றார் மஞ்சுநாத். "பச்சைச் செடி தன் சாப்பாட்டத் தானே பண்ணிக்கும். எனக்குத் தெரியாதா?"

"பண்ணிக்கும் சார். சமையல் சொந்தம், தண்ணியும் உப்பும் பக்கத்து வீட்டுது. அரை ஒட்டுண்ணின்னு பேரு. உங்க விதைப் பையில வந்திருக்கு."

"பையில ஆயிரம் வரும். விதை என்ன பண்ணும் பாவம்? போட்ட கை முக்கியம். மாதம்மா போட்டா, காஞ்சுபோச்சு."

"சரி சார். கைதான் காரணம்னே வெச்சுக்குவோம். மாதம்மா கை படாத இடம் நல்லா இருக்கணுமே. கோயில் முன்னால போட்டது யார் கை?"

எல்லோரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். குடியிருப்பிலேயே மிக மொட்டையான இடம் பிள்ளையாருக்கு முன்னாலிருந்த அந்தச் சதுரம்தான். மஞ்சள் பூ அங்கேதான் அடர்த்தி. தீட்டுப் படக் கூடாதென்று ஒதுக்கிய இடம், யாரும் திட்டமிடாமலே ஒரு பரிசோதனைப் பாத்தியாகியிருந்தது.

"கணபதிக்கு அந்தப் பூ வேணும்னு இருந்திருக்கும்" என்றார் மஞ்சுநாத், குரல் இறங்கி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மாதம்மாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மாதம்மா வேலையில் தொடர்வார் என்றும், காய் வெடித்து விதை பரவுவதற்குள் செடிகளைப் பிடுங்க வேண்டும் என்றும் முடிவானது. இரண்டையும் சங்கத்தின் பெருந்தன்மை என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

மாதம்மா புல்வெளி முழுக்கப் பிடுங்கிச் சாக்கில் கட்டினார். கோயில் சதுரத்தின் ஓரம் வந்ததும் நின்றுவிட்டார்.

"அதையும் எடுத்துடும்மா" என்றார் மஞ்சுநாத்.

"அங்க நான் வரப்படாதுங்களே அய்யா."

"இன்னிக்கு ஒரு நாள் பரவால்ல."

"நாளைக்கு வேறேதாச்சும் காஞ்சா எங்கையத்தானே சொல்லுவீங்க. நீங்களே புடுங்கீருங்க."

மாடிப்படியில் நின்றிருந்த பூங்குழலி சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் நெட்டி முறிகிற சத்தத்தோடு குந்தினார். செடிகளின் பிசின் விரல்களில் ஒட்டியது. துடைக்கத் துடைக்க வேட்டியிலும் ஒட்டியது.

மாதம்மா சதுரத்துக்கு வெளியே, விதி பிசகாமல், கைகட்டி நின்றார்.

"அய்யா, உண்டியலுக்குப் பின்னால ஒண்ணு நிக்குதுங்க."