எடுத்ததாகச் சொன்ன குப்பை

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், மாணவர்கள் தங்கும் லாட்ஜுகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில் நானும் என் வீட்டுக்காரரும் மெஸ் நடத்துகிறோம். மதியத்துக்கு மட்டும் நூறு பேருக்குமேல் சாப்பிடுவார்கள். புதனும் ஞாயிறும் மீன் குழம்பு. எச்சில் இலை, மிச்சச் சோறு, காய்கறித் தோல், மீன் செதில், குடல் எல்லாம் சேர்ந்தால் தினமும் இரண்டு நீல டிரம் நிரம்பிவிடும். சமைப்பது எங்களுக்கு ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை. போன வருஷம் எங்களை அலைக்கழித்தது சமைத்து முடித்த பிறகு மிஞ்சியதுதான்.

வீடுகளுக்கு வரும் வண்டியில் இவ்வளவு கழிவை ஏற்ற முடியாது, கடைக்காரர்கள் தனியாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனி ஆள் வந்தார். ஆபீஸ் கடலூரில், தினமும் காலை ஏழு மணிக்கு வண்டி வாசலில் நிற்கும், டிரம்மும் தாங்களே தருவோம் என்றார். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் நாலு பக்கம். முதல் பக்கத்தை என் வீட்டுக்காரர் படித்தார், இரண்டாவதை நான் படித்தேன். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மிச்ச இரண்டு பக்கத்தை யாரும் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டோம். பக்கத்தில் ஜூஸ் கடை வைத்திருக்கும் பாயும் நாங்கள் போட்டதைப் பார்த்துவிட்டுப் போட்டார்.

பொங்கல் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆனது. பங்குனி வெயிலில் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால் அதிசயம். போன் செய்தால் "வண்டி கெளம்பிடுச்சு மேடம்" என்பார்கள். மறுபடி செய்தால் பக்கத்துத் தெருவில் நிற்கிறது என்பார்கள். நான் பக்கத்துத் தெருவுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வருவேன்.

அந்த மாதங்களில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வண்டி ரிவர்ஸில் வரும்போது எழுப்பும் கீச்கீச் சத்தத்துக்காகக் காது ஏங்கும். ஸ்கூல் வேனுக்கும் தண்ணி லாரிக்கும் அதே சத்தம். ஒவ்வொரு தடவையும் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவேன். வண்டி வந்த அபூர்வ நாட்களில் அதை ஓட்டி வந்தவரைப் பிடித்துக் கத்துவேன். நாற்பது வயதிருக்கும். டிரம்மைக் கவிழ்ப்பார், கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

ஈ மொய்க்க ஆரம்பித்தது. இரண்டு வருஷமாக எங்களிடம் சாப்பிட்ட ஆராய்ச்சி மாணவி முதலில் வாசல் பக்க மேசையை விட்டு உள்ளே மாறினாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அப்புறம் வரவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் வியாழனுக்குப் பிறகு வண்டியே வரவில்லை. டிரம்மின் மூடிக்கடியில் புழு நெளிந்தது. திங்கள் விடிகாலையில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்: "மாமா, இன்னைக்கும் வரலன்னா என்ன பண்றது?" அவர் மூன்று சாக்கு எடுத்து வந்து டிரம்மில் இருந்ததை அள்ளிக் கட்டினார். இரண்டை ஸ்கூட்டரின் முன்னால் வைத்தார். மூன்றாவதை நான் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். புடவை வழியாக ஈரம் தொடையில் இறங்கியது. எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஊரைத் தாண்டினால் வாய்க்கால். முதல் இரண்டு சாக்கையும் அவர் தள்ளினார். மூன்றாவதை நான் தூக்கிப் போட்டேன். திரும்பினால் வாய்க்காலுக்கு எதிரே இருந்த வீட்டு வாசலில் ஒரு அம்மா, பல் தேய்த்த வாயோடு நின்றிருந்தார். தண்ணீரைத் துப்பிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"நீங்க மெஸ்காரவுங்கதானே? ஞாயித்துக்கெழம ஒங்க கடையிலதான் நாங்க மீன் கொழம்பு வாங்குறோம்."

திட்டியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். மதியப் பந்தி முடிந்ததும், "வாங்க, போய் எடுத்துட்டு வந்துடலாம்" என்றேன். என் வீட்டுக்காரரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார் போல, உடனே சாவியை எடுத்தார்.

சாக்குகள் ஆகாயத்தாமரையில் சிக்கிக் கிடந்தன. கை எட்டவில்லை. அந்த அம்மா எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனார். முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியோடு வந்து என் கையில் கொடுத்தார். இரண்டு சாக்கை இழுத்துவிட்டோம். மூன்றாவது கரைக்கு வரும் முன்பே கிழிந்து எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. அது நான் போட்டது. துரட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். வண்டி வராத கதையை அவரிடம் சொன்னேன். "போட்டுட்டா சரியாப் போயிடுமா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் பஸ் ஏறிக் கடலூர் போனேன். என் பிறந்த வீடு செம்மண்டலத்தில்தான், அந்தக் கம்பெனி ஆபீஸும் அங்கேதான் என்பதை விலாசத்தைப் படித்தபோதுதான் கவனித்தேன். ஒரு வீட்டின் மாடி. ஒரு பெண் போனும் கம்ப்யூட்டருமாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். தினமும் என்னிடம் வண்டி கிளம்பிவிட்டது என்று சொன்ன குரல் அவருடையதுதான். கடை விவரத்தைச் சொன்னதும் தட்டிப் பார்த்தார்.

"ரெகுலரா எடுத்திருக்காங்களே மேடம். நேத்துகூட எடுத்ததா போட்டோ இருக்கு."

திரையை என் பக்கம் திருப்பினார். எங்கள் வாசல், சுத்தமான டிரம், பக்கத்தில் நான் குனிந்து கூட்டிக்கொண்டிருக்கிறேன். தலைக்குமேல் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்குகிறது. அதை ஜனவரி முதல் வாரத்தில், மூன்று ராஜா திருநாள் முடிந்ததும் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டோம்.

"முந்தாநாள் போட்டோவக் காட்டுங்க" என்றேன். அதிலும் ஸ்டார். அதற்கு முந்தின நாளும். நான்கு மாதமாக, ஒருநாள் தவறாமல், நான் ஒரே புடவையில் குனிந்து ஒரே இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் நகர்த்திக்கொண்டே போனார். போகப்போக அவர் முகம் மாறியது. அவருக்கும் அதுவரை தெரியாது என்று நினைக்கிறேன்.

உள்ளறையிலிருந்து மேனேஜர் வந்தார். போட்டோவைப் பற்றிப் பேசவே இல்லை. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு, விலக வேண்டுமானால் மூன்று மாதம் முன்னதாக எழுதித் தர வேண்டும், அதற்குள் வேறு யாருக்காவது கழிவைக் கொடுத்தால் தவறு எங்களுடையது, எல்லாம் நாலாம் பக்கத்தில் இருக்கிறது என்றார். நாங்கள் படிக்காத பக்கம். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாததால் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது படியேறி வந்தார் அந்த டிரைவர். என்னைப் பார்த்ததும் தயங்கினார். நான் வழக்கம்போல அவர்மேல் பாய்ந்திருப்பேன், அதற்குள் அவரே பேசினார்.

"அக்கா, இருக்கிறதே ஒரு வண்டிதான். சிதம்பரம் ரூட்டு வண்டி படுத்து நாலு மாசமாச்சு. கடலூர முடிக்கவே மணி மூணாயிடுது. போட்டோ ஏத்தலன்னா எனக்கு ஆப்சென்ட் போடுவாங்க. பழசையே போடச் சொன்னாங்க, போட்டேன்."

மேனேஜர் அவரைக் கீழே போகச் சொன்னார். அவர் போகவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். வாசலில் வைத்து அத்தனை நாள் நான் பேசிய பேச்செல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்தேன்.

கிளம்பும்போது கம்ப்யூட்டர் பெண் ஒரு துண்டுச்சீட்டை என் பக்கம் நகர்த்தினார். எங்கள் கணக்குக்குள் நுழைவதற்கான பாஸ்வேர்ட். "போட்டோவெல்லாம் நீங்களே எறக்கிக்கலாம் மேடம்" என்று மெல்லச் சொன்னார். மேனேஜர் முதுகைக் காட்டிக்கொண்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அம்மா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போகவில்லை. நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் பாயும் போன் செய்து பாஸ்வேர்ட் வாங்கித் தன் கணக்கைத் திறந்து பார்த்தார். அவர் கடைப் போட்டோவிலும் நாலு மாதமாக ஒரே தர்பூசணி அதே இடத்தில் அழுகாமல் இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு சிரித்தோம். "பொய் சொல்றதுக்குக்கூட இவுங்களுக்கு சோம்பேறித்தனம் ஜாஸ்தி" என்றார். தெருவில் கேட்டதில் இதே கதை மொத்தம் ஆறு கடையில். ஆறு பேரும் சேர்ந்து, போட்டோக்களை அச்செடுத்து இணைத்து, நீங்கள்தான் ஒப்பந்தத்தை மீறியிருக்கிறீர்கள், நாங்கள் விலகிக்கொள்கிறோம் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதிலே வரவில்லை. மூன்றாவது வாரம் வண்டி வந்தது, சரியாகக் காலை ஏழு மணிக்கு. டிரம்களைத் திரும்ப எடுத்துப்போக வந்திருந்தார்கள்.

ஓட்டி வந்தவர் புது ஆள். பழையவர் எங்கே என்று கேட்டேன். வேலையை விட்டுவிட்டார் என்றார். விட்டாரா, விட வைத்தார்களா என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் அனுப்பிய ஒவ்வொரு போட்டோவின் அடியிலும் ஏற்றியவர் பெயர் இருந்தது. அச்செடுக்கும்போது அதை நான் பார்த்திருந்தேன், மறைக்கத் தோன்றவில்லை.

இப்போது மிச்சச் சோறும் இலையும் மாட்டுப் பண்ணைக்குப் போகிறது. மீன் கழிவைத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வாங்கிக் குழிவெட்டிப் புதைக்கிறார். அவரும் சில நாள் வருவதில்லை. ஆனால் வரவில்லை என்றால் முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுகிறார்.

கடலூர் ஆபீஸுக்கு ஒருமுறை போன் செய்தேன். அதே பெண்தான் எடுத்தார். டிரைவர் பெண்ணாடம் பக்கம் கரும்பு லோடு அடிப்பதாகக் கேள்வி, சரியாகத் தெரியாது என்றார். தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் பெண்ணாடம் போக வேண்டியிருந்தது. ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகள் ரோட்டோரமாக வரிசையில் நின்றன. பஸ் ஊர்ந்துகொண்டே போனது. நான் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு டிரைவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பார்த்தால் என்ன சொல்வது என்று ஒன்றும் யோசித்து வைக்கவில்லை. "யாரத் தேடுற?" என்றார் என் வீட்டுக்காரர். நான் சொல்வதற்குள் பஸ் வேகமெடுத்துவிட்டது.