கிணற்றுக்குக் கிழக்கே இருந்த காடு

என் தாத்தா போதகராக இருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஊர் ஊராகப் பிரசங்கத்துக்குப் போன நாளில் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களும், நிலப் பத்திரங்களும், தீர்வை ரசீதுகளும் ஒரு வளைந்த இரும்புக் கம்பியில் குத்தி எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். வேதப் புத்தகத்துக்கு அடுத்தபடி அந்தக் கம்பிக்குத்தான் மரியாதை. வரப்பு, தடம் என்று எந்தத் தகராறு வந்தாலும் கோர்ட்டுக்குப் போகமாட்டோம். கம்பியை இறக்கி, ஜெபம் பண்ணி, எதிராளியை வைத்துக்கொண்டு வாசலில் படிப்போம். அதில் இருப்பதுதான் முடிவு.

அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு படிப்பது என் வேலையாயிற்று. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். தாத்தா எழுத்துக்குப் புள்ளியே வைக்கமாட்டார், ஆனாலும் எனக்கு அந்தக் கை பழகிவிட்டது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். கடிதம் படிக்கும்போது மட்டும் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்கும்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் எனக்குக் கலியாணம் பேசினார்கள். கிணற்றுக்குக் கிழக்கே இருந்த காட்டை என் பேருக்கு எழுதுவதாகப் பேச்சு. எங்கள் பக்கம் வெள்ளாமை நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அதில் ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாகப் பாடுபட்டு வந்தது. தாத்தா கையால் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். எல்லோரும் ஒரே வேதக் கோயிலுக்குத்தான் போவோம். அவர்கள் கடைசியில் உட்காருவார்கள், எங்கள் வாசற்படி ஏறமாட்டார்கள். அதைத் தப்பென்று நான் அப்போது நினைத்ததும் இல்லை.

பேச்சு முடிந்த வாரம், காட்டில் பாடுபட்ட அந்த வீட்டு மருமகள் வந்தார். அப்போது ‘அவள்’ என்றுதான் சொல்வேன். இப்போது கைக்கு அப்படி எழுத வரவில்லை.

“ஏனுங்க சாமி, கெழக்கால காட்டை அம்மணிக்கு எழுதறீங்கன்னு கேள்விப்பட்டனுங்க. அது எங்க மாமனாருக்குப் பெரிய போதகரய்யா குடுத்ததுங்க. கெணறு வெட்டினதுக்குக் குடுத்தேன்னு கடுதாசியில எழுதியிருக்கறாராமுங்க. மாமனார் சாவற மட்டும் சொல்லீட்டே இருந்தாருங்க.”

அப்பா சற்றும் யோசிக்கவில்லை. “எழுதியிருந்தா அது உன்ற காடு. எங்கய்யன் எழுதினதுக்கு மேல எனக்கொரு வார்த்தை கெடையாது. ஞாயித்துக்கெழமை கோயில் உட்டதும் உன்ற ஊட்டுக்காரனையும் கூட்டிக்கிட்டு வா. அம்மணி படிக்கட்டும்.”

தூசி தட்டுகிற சாக்கில் அன்றைக்கே கம்பியை இறக்கிப் பார்த்தேன். கடிதம் இருந்தது. தாத்தா தன் மனைவிக்கு எழுதியது. பாறையைக் குடைந்து கிணறு வெட்டியவனுக்கே கிழக்குப்புறத்துக் காட்டைக் கொடுத்துவிட்டேன், திரும்பி வந்ததும் ரிஜிஸ்தர் பண்ண வேண்டும், எனக்குப் பின்னால் யாரும் அவனைக் கேட்கக் கூடாது என்று எழுதியிருந்தார். ஏனோ ரிஜிஸ்தர் பண்ணவே இல்லை. பட்டா தாத்தா பேரிலேயே இருந்து அப்பாவுக்கு வந்துவிட்டது.

காடு இல்லாவிட்டால் அந்தச் சம்பந்தம் இல்லை. என்னோடு பள்ளிக்கூடம் போனவர்கள் எல்லாம் இடுப்பில் பிள்ளையோடு நின்றார்கள். “நெல்லுக் குதிராட்டம் வளந்து நிக்கறா, ஊட்டு வாசக்கால் தலையில இடிக்குது” என்று அத்தை என் காதுபடவே சொல்வாள். இதெல்லாம் சமாதானம் ஆகாது. இருந்ததை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்து வாசலில் நின்றார்கள். அப்பா ஜெபம் பண்ணினார். நான் படித்தேன். ‘இவ்விடம் யாவரும் கர்த்தர் கிருபையால் சுகம். மழை நன்றாய்ப் பெய்தது. கிணற்றில் தண்ணீர் கண்டதாய்க் கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டேன்.’ அதற்கு அடுத்த வரியில்தான் காடு. என் கண் அதன்மேல் இருந்தது, வாய் பத்து வரி தாண்டிப் போய்விட்டது. ‘குழந்தைகளுக்குச் சளி இருந்தால் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கவும்.’ குரல் நடுங்கக்கூட இல்லை.

அவர் புருஷன் தலையைச் சொறிந்தார். “இன்னொருக்காப் படிக்கச் சொல்லு புள்ள.”

“சும்மா இரு. உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? போதகர் ஊட்டுப் புள்ள பொய்யாப் படிக்கும்?” என்று அந்த அம்மாள் அவரை அதட்டிவிட்டு என்னைப் பார்த்து, “மனசுல வெச்சுக்காத சாமி. எங்க மாமனாரு கனாக் கினாக் கண்டிருப்பாரு” என்றார்.

அவர்கள் போன பிறகு அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். “அவ்வளவுதானா கண்ணு?”

“ஆமாங்கப்பா.”

“எங்கம்மா படிச்சப்ப இன்னும் கொஞ்சம் நீளமா இருந்த மாதிரி ஞாபகம்” என்றார். மறுபடி கேட்கவில்லை. தெரிந்துதான் விட்டாரா, என்னை நம்பினாரா, எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

காடு என் பேருக்கு வந்தது. அந்தக் கடிதத்தைக் கம்பியிலிருந்து உருவிக் கலியாணப் பெட்டியின் அடியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கிழித்துப் போடத் தைரியம் இல்லை. அந்தக் குடும்பம் அணை வேலைக்குக் கல் சுமக்க மேட்டூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். சில வருஷத்தில் காட்டை என் வீட்டுக்காரர் விற்றுவிட்டார்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அவருக்கும் மேட்டூரில் கம்பெனி வேலை கிடைத்தது. ஒரு நாள் காலை, அணை மீன் விற்கிற ஓர் அம்மாள் நாங்கள் குடியிருந்த கம்பெனி லைன் வீடுகளுக்கு வந்து கூடையை இறக்கினார். நான் தெரிந்துகொள்வதற்கு முன் அவர் என்னைத் தெரிந்துகொண்டார்.

“அட, நம்ம போதகர் ஊட்டு அம்மணி! நல்லாருக்கறயா சாமி?” அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, “இது ஆருன்னு நெனச்சீங்க? எங்களுக்கு நெலம் எழுதலீன்னு உள்ளத உள்ளபடி படிச்சுச் சொன்ன மவராசி. இல்லாட்டி வராத காட்டுக்கு நாங்க இன்னும் அங்கயே கெடந்து காஞ்சிருப்பம்” என்று சிரித்தார்.

நான் சட்டியை நீட்டினேன். அவர் இரண்டு கெண்டையைச் சும்மாவே என் சட்டியில் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஏனுங்க அம்மணி, நெலம் போனாப் போச்சாது. அந்தக் கடுதாசியில எங்க மாமனாரு பேராச்சும் எங்கியாச்சும் இருந்துச்சுங்களா? சும்மா பேரு மட்டும். ஊட்டுக்காரரு படுத்த படுக்கையாக் கெடக்கறாரு. அதத்தான் கேட்டுக்கிட்டே இருக்கறாரு.”

பெட்டி உள்ளேதான் இருந்தது. பத்து எட்டு வைத்தால் போதும்.

“ஞாபகமில்லீங்க” என்றேன்.

“அதுஞ் சரி, எத்தன வருசமாச்சு” என்று அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு எங்கள் லைனுக்கு அவர் வரவே இல்லை.

கடிதம் இப்போது என் முன்னால் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, எழுத்து தெரிகிறது. அவருடைய மாமனார் பேர் அதில் நாலு இடத்தில் வருகிறது. ஓர் இடத்தில் அந்தப் பேருக்கு முன்னால் ‘என் சகோதரனாகிய’ என்று தாத்தா எழுதியிருக்கிறார்.